எட்டு வாரம் ஏறிய சுதி

ஒரு நாதஸ்வரக்காரரின் சுதி வாரா வாரம் ஏறிக்கொண்டே போகிறது என்று ஆதாரத்தோடு நிரூபித்தவள் நான். கிராப் தாளில் எட்டுப் புள்ளிகள் வைத்து, நடுவே ஸ்கேலைப் பிடித்து ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோடு பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அது முழுப் பொய் என்று எனக்குத் தெரிய வந்தபோது, ஒரு மனிதரின் முதல் திருவிழா என் கோட்டால் கைநழுவிப் போகவிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். வீடு புதுக்கோட்டையில். இசைக் கருவிகளின் ஒலியை அளப்பது என் ஆராய்ச்சி. இன்றைக்கு இதற்கெல்லாம் பெரிய பெயர் இருக்கிறது, சவுண்ட் அண்ட் மியூசிக் கம்ப்யூட்டிங் என்கிறார்கள். அன்று எங்களிடம் இருந்த கம்ப்யூட்டிங் ஒரே ஒரு இரும்புக் கணக்கு மெஷின்தான். எண்களை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்று அரைத்து விடை தரும். என் வலது தோள் இன்னும் இடது தோளைவிடக் கொஞ்சம் பலமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஒரு நாதஸ்வரக் கலைஞர் தன் ஆதார ஷட்ஜத்தை, அதாவது எந்தச் சுரத்தை அடியாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வாசிக்கிறாரோ அதை, வாரா வாரம் எவ்வளவு துல்லியமாகத் திரும்பப் பிடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். இதுதான் என் பேராசிரியர் கொடுத்த கேள்வி. ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம், எட்டு வாரம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இடம் அப்பா பிடித்துக் கொடுத்தார். அவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். பொன்னமராவதி போகிற ரோட்டில் ஒரு ஊரில் முருகன் கோயில் இருந்தது. அதன் தர்மகர்த்தா ஆபீஸ் வேலையாக வந்து போகும் பழக்கத்தில் அப்பாவுக்கு வேண்டியவர். அந்தக் கோயிலில் வாசிப்பவர் இளைஞர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். அவருடைய சித்தப்பா உடம்புக்கு முடியாமல் ஒதுங்கிக்கொண்டதால் அந்த வருஷம்தான் இவர் கைக்கு வந்திருந்தது. பங்குனி உத்திரத்துக்குச் சாமி புறப்பாட்டில் இவர் முன்னால் நின்று வாசிக்கப்போவது அதுவே முதல் முறை. ஊரில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் போனோம். கல்யாணமாகாத பெண் தனியாக ஊர் ஊராகப் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆகவே அப்பா என் ஆராய்ச்சியின் நிரந்தர உறுப்பினர் ஆனார். டேப் ரிக்கார்டர் ஒரு டிரங்குப் பெட்டி கனம் இருக்கும். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் பாவம். கண்டக்டர், "என்னங்க சார், பொண்ணுக்குச் சீரா?" என்று கேட்டதற்கு, "இல்லப்பா, இதுக்கப்புறந்தான் சீரு" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

அப்பாவின் பங்களிப்பு அந்தப் பெட்டியைத் தூக்குவதோடு முடிந்துவிடும். மண்டபத்துத் தூண் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார். நாதஸ்வரம், தவில், மணி எதுவும் அவரை எழுப்பாது. அவ்வளவு சத்தத்தில் ஒரு மனிதர் தூங்குவதையே ஆராய்ச்சி செய்திருக்கலாம்.

முதல் நாள் நான் செய்த ஒரு காரியத்தையும், அதன் பிறகு செய்யாமல் விட்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேப் ஓடத் தொடங்கியதும் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி, அதன் ஓசையை முதலில் பதிவு செய்ய வேண்டும். அந்த இரும்புக் கவை எப்போது தட்டினாலும் ஒரே சுரத்தைத்தான் தரும். பிறகு டேப்பில் ஏதாவது கோளாறு இருந்தால் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நானும் பட்டுப் பாவாடையும் தாவணியுமாக மண்டபத்தில் நின்று, முழங்காலைத் தூக்கி, அதில் கவையைத் தட்டினேன். சுற்றி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இந்தப் புள்ள எதுக்கு அதுவே அதைய அடிச்சுக்குது?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த வாரம் கவையைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

இன்னொரு தொந்தரவு மணி. கோயில் வாசலில் கண்டாமணி ஒன்று தொங்கியது. நாதஸ்வரக்காரர் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கும் சமயம் பார்த்துத் தீபாராதனைக்கு அதை ஓங்கி அடிப்பார்கள். என் அருமையான டேப் முழுக்க மணி. இரண்டாவது வாரம் தர்மகர்த்தாவிடம் போய், "ஐயா, நான் பதிவு பண்ற நேரத்துல மட்டும் மணியை நிறுத்தச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாருக்கே ஆத்தா, சாமிக்கு அடிக்காம ஒன் மெசினுக்கா அடிக்கிறது?" என்றார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மனதுக்குள் அந்த மணியை நான் திட்டாத திட்டு இல்லை.

தர்மகர்த்தா நல்ல மனிதர். மீசையும் குரலும் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. அந்த ஊருக்குக் கரண்டு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கோயிலுக்கு லைன் இழுத்தவர் அவர். விளக்குகள் என்றால் அவருக்கு உயிர். என் மெஷினை அவர் முதல் நாளே ஒரு பெரிய மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அது வரும் நாளில் கோயில் இருட்டாக இருந்தால் ஊருக்குக் கேவலம் என்று நினைத்தாரோ என்னவோ, வாரத்துக்கு ஒரு அலங்காரம் கூடிக்கொண்டே போனது. முதல் வாரம் மண்டபத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு. இரண்டாவது வாரம் டியூப் லைட். அதற்கடுத்து வாசலுக்குச் சீரியல் லைட். பிறகு கோபுரத்துக்கு. ஏழாவது வாரம் வாசல் வளைவில் பல்புகளாலேயே ஆன ஒரு மயில் வந்தது. அது தோகையை விரிக்கும், மூடும், விரிக்கும், மூடும். "எப்புடி?" என்றார் தர்மகர்த்தா. "பிரமாதம்ங்க" என்றேன். உண்மையாகவே பிரமாதமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா முனகினார். "முன்ன மாதிரி தூங்க முடியலம்மா. வாரா வாரம் வெளிச்சத்தைக் கூட்டிக்கிட்டே போறாரு. கண்ணு கூசுது." நான் அவரைச் சட்டை செய்யவில்லை. ஆராய்ச்சிக்கு வந்த இடத்தில் தூக்கம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் யார் சட்டை செய்வார்கள்?

திங்கட்கிழமை திருச்சிக்குப் போவேன். டேப்பிலிருந்து நீண்ட ஷட்ஜம் வரும் துண்டை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி, திரும்பத் திரும்ப ஓட விடுவேன். பக்கத்தில், வேண்டிய ஓசையை உண்டாக்கித் தரும் ஒரு ஆஸிலேட்டர். அதன் குமிழைத் திருகிக்கொண்டே வந்தால், இரண்டு ஓசையும் ஒன்றாகிற இடத்தில் ஆஸிலாஸ்கோப்பின் பச்சைத் திரையில் ஆடிக்கொண்டிருக்கும் வளையம் அப்படியே நிற்கும். அதுதான் சுரத்தின் எண். முதல் வாரம் செகண்டுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றைந்து அதிர்வு. அடுத்த வாரம் கொஞ்சம் கூட. அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். எட்டாவது வாரத்தில் முந்நூற்றுப் பதினொன்று. ஏறத்தாழ அரைக் கட்டை ஏறியிருந்தது.

கூடவே ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் ஒத்தும் ஏறியிருந்தது. சேர்ந்து ஏற்றிக்கொள்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். வாசிப்பின் வேகமும் கூடியிருந்தது. மைக்கைப் பார்த்த உற்சாகம் என்று எழுதினேன். ஏழாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு நீண்ட சுரத்திலும் மெல்லிய அலைவு ஒன்று, ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடிகாரம் வைத்தாற்போல் வந்தது. அதைப் பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நுண்கமகம்!" என்றார். அவர் கண்கள் பளபளத்தன. அந்தச் சொல்லை அவரே அந்த நிமிஷத்தில் உண்டாக்கினார் என்று நினைக்கிறேன். அதற்கென்று என் நோட்டில் தனியாக ஒரு அத்தியாயத் தலைப்புப் போட்டேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

எட்டு வாரமும் முடிந்தபின், ஒன்பதாவது ஞாயிறு மெஷின் இல்லாமல் நன்றி சொல்லப் போனோம். தர்மகர்த்தா முதல் கேள்வியே, "ரிசல்ட் என்னத்தா? தம்பி பாசா பெயிலா?" என்பதுதான். நான் கிராப் தாளைக் கையோடு கொண்டு போயிருந்தேன். பெருமை யாரை விட்டது? விரித்துக் காட்டி, "ஒவ்வொரு வாரமும் சுதி ஏறிக்கிட்டே போகுதுங்க ஐயா. அரைக் கட்டை வரைக்கும் ஏறிருக்கு" என்றேன். எனக்கு அது ஒரு சுவாரஸ்யமான செய்தி, அவ்வளவுதான். அவருக்கு அது மார்க் ஷீட். முகம் இறுகிவிட்டது. கோட்டின் மேல் விரலை வைத்துக் கீழிருந்து மேலே கொண்டு போனார். சுற்றி நாலைந்து பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். "சுதி நிக்கலையா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்பதுபோல் நான் தலையாட்டியிருக்க வேண்டும். அப்படித்தான் ஞாபகம்.

அந்த வாரம் வியாழக்கிழமை, கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் சத்தம் கேட்டது. அட்டெண்டர் யாரையோ உள்ளே விடமாட்டேன் என்று மறித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் அந்த நாதஸ்வரக்காரர். வெள்ளை வேட்டி, தோளில் உறை போட்ட நாதஸ்வரம். அதை எதற்குக் கொண்டு வந்தார் என்று அப்போது புரியவில்லை. சாட்சிக்குக் கொண்டு வந்திருக்கிறார் என்று பிறகுதான் தோன்றியது.

உள்ளே கூட்டிவந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏங்க, எஞ்சுதி நிக்கலன்னு எழுதிக் குடுத்தீங்களாமே?"

"எழுதிக் குடுக்கலைங்க. சொன்னேன்."

"ஐயா என்னையக் கூப்பிட்டு, மெசின் பொய் சொல்லாதுப்பா, இந்த வருசம் நீ ஒதுங்கிக்கன்னுட்டாரு. வர்ற திங்கக்கெழமை வெளியூர் மேளத்துக்கு ஆளு போகுது. எங்க சித்தப்பா படுக்கையில கெடந்துக்கிட்டு, உத்திரத்தன்னைக்கி வாசல்ல கட்டிலப் போடுங்கடா, இவன் வாசிக்கிறதக் கேக்கணும்ங்கிறாரு. அவருகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

ஒரு எண்ணைச் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண் பஸ் ஏறி வந்து என் முன்னால் நின்று கேள்வி கேட்கும் என்று யார் கண்டது?

"என்னைய எனக்குப் போட்டுக் காட்டுங்க" என்றார்.

முதல் வார டேப்பைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நாந்தான்" என்றார். உடனே எட்டாவது வார டேப்பைப் போட்டேன். நெற்றி சுருங்கியது. உறையிலிருந்து நாதஸ்வரத்தை எடுத்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியை ஈரப்படுத்தி, மெல்ல ஒரு ஷட்ஜம் ஊதினார். கல்லூரி முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து வகுப்பிலிருந்து தலைகள் நீண்டன. அவர் ஊதியதும் டேப்பில் இருந்ததும் சேரவில்லை, எனக்கே தெரிந்தது. அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "போதுங்க, நிறுத்திரலாம்" என்று கையை நீட்டினேன்.

"இருங்க. இப்ப வந்துச்சே, அதத் திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டேன். நாதஸ்வரம். நடுவே டங்கென்று அந்தப் பாழாய்ப்போன மணி.

"மொத டேப்பையும் போடுங்க. மணி வர்ற எடம்."

போட்டேன். டங்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக வந்தவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. "ஏங்க," என்றார், "நாந்தான் சுதி ஏத்திப்புட்டேன், சரி. அந்த மணியுமா ஏத்தும்? அதுக்கும் சீவாளி மாத்துனாங்களா?"

மணி வரும் இடத்தை இரண்டு டேப்பிலும் நானே இன்னொரு முறை போட்டேன்.

வெண்கல மணி எட்டு வாரத்தில் அரைக் கட்டை ஏறாது. ஊரே சேர்ந்து மிரட்டினாலும் ஏறாது. எட்டு வாரமாக நான் திட்டித் தீர்த்த அந்த மணி, ஒவ்வொரு டேப்பிலும் எனக்காக அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெட்கப்பட்டுப் பெட்டிக்குள் போட்ட கவையின் வேலையை அது செய்திருக்கிறது. எனக்குத்தான் காது இல்லை.

அன்றும் மறுநாளும் எட்டு டேப்பிலும் மணியை அளந்தேன். கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, நாதஸ்வரத்தின் எண்ணை மணியின் எண்ணால் வகுத்தேன். முதல் வாரம் வந்த விடையே இரண்டாம் வாரமும் வந்தது. மூன்றாம் வாரமும் அதேதான். எட்டாவது வகுத்தலை முடித்துவிட்டு, நம்பாமல் இன்னொரு முறை வகுத்தேன். எட்டு வாரமும் அந்த மனிதர் இம்மி அசையவில்லை. அசைந்தது என் மெஷின். பதிவு செய்யும்போது டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. திருச்சியில் சரியான வேகத்தில் ஓட்டிக் கேட்கும்போது ஓசை ஏறிவிட்டது. அது சரி, ஏன் வாரா வாரம் மெதுவாக ஓட வேண்டும்?

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "நுண்கமகமும் போச்சா?" என்று கேட்டார். "போச்சு சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி. ஏன் மெதுவா ஓடுச்சுன்னு கண்டுபிடி. அது இல்லாம மத்தது எதையும் எழுதாதே" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்பா காபியை ஆற்றிக்கொண்டே வந்து, "என்னம்மா, நாளைக்கிம் அந்த ஊருக்கா? அப்படின்னா நான் ஒரு கறுப்புத் துணி எடுத்துக்கிறேன். கண்ணைக் கட்டிக்கிட்டாத்தான் அங்க தூங்க முடியும். போன தடவை அந்த மயிலு இருக்கே..." என்றார்.

மயில்! வாரம் ஒரு விளக்கு. ஊர்க் கோடியில் மெல்லிய கம்பியில் வரும் கரண்டு. ஒவ்வொரு பல்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போய், மிச்சத்தில் ஓடியது என் மெஷின். மயில் தோகையை விரித்தபோது டேப் தயங்கியது, மூடியபோது மூச்சு விட்டது. பேராசிரியரின் நுண்கமகம் அதுதான். அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் கத்திய கத்தலில் காபி அவர் சட்டையில் கொட்டிவிட்டது. மூடிய கண்ணாலேயே அந்த மனிதர் வோல்டேஜை அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஆனால் மறுநாள் பஸ் ஏறும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை ஆள் போய்விடும். இருப்பது ஞாயிறு ஒரு நாள். என் மெஷினுக்கு மரியாதை செய்வதற்காகவே விளக்குப் போட்டவரிடம், உங்கள் மரியாதையால்தான் எல்லாம் கெட்டது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால் நாதஸ்வரக்காரர் ஒதுங்கி நிற்க வேண்டும். வழி நெடுக யோசித்தும் நல்லதாக ஒரு வாக்கியம் அமையவில்லை. கடைசியில், வாயால் சொல்ல வேண்டாம், மெஷினையே சொல்ல வைப்போம் என்று முடிவு செய்தேன்.

மெஷினோடு வந்து இறங்கியதும் தர்மகர்த்தா ஓடிப்போய் எல்லா விளக்கையும் போட்டார். சாயங்காலம்தான், வெயில்கூட முழுசாகப் போகவில்லை. மயில் விரிந்து மூடியது. நாதஸ்வரக்காரர் தூரத்தில் தூணோரம் நின்றார். நான் ரிக்கார்டரைத் திறந்து வைத்தேன்.

"ஐயா, தம்பி வாசிச்சதப் போடுறேன். நீங்க அந்த லைட்டு சுவிச்சுகிட்ட நில்லுங்க. நான் சொல்றப்ப அமத்துங்க."

"கரண்டக் கட் பண்ணவா?"

"லைட்டை மட்டும்ங்க."

டேப் ஓடியது. நாதஸ்வரம் ஒரு நீண்ட சுரத்தில் நின்றது. "அமத்துங்க" என்றேன். அவர் லைட்டு சுவிட்சைக் கீழே தள்ளினார். விளக்குகள் அணைந்தன. சுரம் எல்லோர் கண் முன்னாலும் விசுக்கென்று மேலே ஏறியது.

"போடுங்க" என்றேன். விளக்கு எரிந்தது. சுரம் தள்ளாடிக்கொண்டே கீழே இறங்கியது. அணைத்தார், ஏறியது. போட்டார், இறங்கியது. அதற்கு மேல் என் உத்தரவுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரே போட்டு அணைத்து, போட்டு அணைத்து, அந்த நாதஸ்வரத்தைப் படாத பாடு படுத்தினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இங்கே விளக்கால் மெதுவாக ஓடிப் பதிந்தது, திருச்சியில் சரியான வேகத்தில் ஓடும்போது சுதி ஏறிக் கேட்டது என்று விளக்கினேன். கடைசியில் சுவிட்சிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையையே திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இத்தனை வாரமா தம்பியோட சுதிய ஏத்துனது நானா?"

"நீங்க இல்லைங்க ஐயா" என்றேன்.

பஸ்ஸில் அமையாத வாக்கியம் அப்போது தானாக வந்தது. பெட்டிக்குள் கை விட்டு டியூனிங் ஃபோர்க்கை எடுத்தேன். இரண்டு மாதத்துக்கு முன் எந்த இடத்தில் நின்று சிரிப்பு வாங்கினேனோ அதே இடத்தில் நின்று, முழங்காலைத் தூக்கி, ஓங்கித் தட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

"இத வாராவாரம் தட்டியிருந்தா, ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோயிருக்கும். எல்லாரும் சிரிச்சாங்கன்னு வெக்கப்பட்டு விட்டுட்டேன். மெஷின் தப்பு இல்ல, லைட்டுத் தப்பு இல்ல. என் தப்பு. எட்டு வாரமும் இவரு சுதி ஒரே சுதிங்க. மணி சாட்சி."

எனக்கு மற்றவர்கள் முன்னால் அழப் பிடிக்காது. அன்று அழுதேன். தர்மகர்த்தா மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு தூணோரம் திரும்பி, "தம்பி, இங்கிட்டு வா" என்று கூப்பிட்டார். "ஒங்க சித்தப்பாகிட்டப் போய்ச் சொல்லு, கட்டில வாசல்ல போடச் சொல்லி. நாளைக்கி யாரும் எங்கயும் போகல." அதோடு விட்டிருக்கலாம். என் பக்கம் திரும்பி, கவலையோடு தாழ்ந்த குரலில், "ஏத்தா, உத்திரத்துக்கு மயிலப் போடலாமுல்ல?" என்று கேட்டார்.

"தாராளமாப் போடுங்க. நான் மெஷின் கொண்டு வரல" என்றேன்.

உத்திரத்தன்று மயில் விரித்து மூடியது. கோபுரம் தகதகவென்று இருந்தது. கூட்டத்தில் இடித்துப் பிடித்து முன்னால் போய் நின்றேன். தெரு முனையில் ஒரு வீட்டு வாசலில் கட்டில் போட்டிருந்தது, அதில் ஒருவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாமி வெளியே வந்தது. நாதஸ்வரக்காரர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றவர், என்னைப் பார்த்துவிட்டார். என் கைகளைப் பார்த்தார். எனக்கு இருபுறமும் தேடினார்.

"மெசினு எங்கங்க?"

"கொண்டு வரலைங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியிருக்கவில்லை. மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

"அடடா," என்றார். "இன்னைக்கில்ல கொண்டு வந்திருக்கணும்!"

சொல்லிவிட்டுச் சீவாளியை உதட்டில் வைத்தார். என் பக்கத்தில் அப்பா கண்ணை விரித்துக்கொண்டு நின்றார். வெளிச்சத்தால்தான் தூக்கம் வரவில்லை என்று பிறகு சொன்னார், நான் நம்பவில்லை.

அந்த எட்டு டேப்புகளும் ஆய்வேட்டுக்குப் போதுமானதாக இருந்தன, பட்டமும் வந்தது. உத்திரத்தன்று அவர் வாசித்தது மட்டும் எந்த டேப்பிலும் இல்லை. அன்றைய ஷட்ஜம் செகண்டுக்கு எத்தனை என்று கேட்டால், அதே எண்தான் என்று அளக்காமலே சொல்வேன்.